கடற்கரையில் குடும்பப் படம்: வெளிச்சத்திலும் அந்தரங்கத்திலும் நடக்கும் தவறுகள்

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ மாலை ஷூட் வைத்துவிட்டு, கடலில் சூரியன் இறங்குவது போலப் படம் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. நம் கடல் கிழக்கே இருக்கிறது. இங்கே சூரியன் கடலில் உதித்து, கட்டடங்களுக்குப் பின்னால் மறையும். இதைக் கிளையன்ட்டிடம் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சூரியன் கடலுக்கு மேலே வேண்டுமென்றால் விடியற்காலைதான் வழி. சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.42 வாக்கிலும், ஜனவரிக் கடைசியில் 6.35 வாக்கிலும் சூரியன் எழும். நம் ஊரில் சூரியன் விறுவிறுவென்று மேலேறிவிடுவதால், இதமான வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தங்காது. உதயத்துக்கு அரை மணி முன்பே எல்லோரும் மணலில் இருக்க வேண்டும். காலையில் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிறுத்தினால் முகமெல்லாம் இருட்டு. கடல் பக்கவாட்டில் வரும்படி நிறுத்துங்கள், இல்லையென்றால் வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பும் ரிஃப்ளெக்டர் பலகையைப் பிடியுங்கள். அது வெள்ளையாக இருக்கட்டும். வெள்ளி நிறம் பெரியவர்களின் கண்ணைக் கூசவைத்து இமையைச் சுருக்க வைக்கும். மாலை ஷூட்டில் இந்தத் தொல்லை இல்லை. கடல் பின்னால், முகம் மேற்கே. சூரியன் மறைந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வானமே பெரிய விளக்காக நிற்கும்.

ஏசி காரிலிருந்து கேமராவை எடுத்த உடனே லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் திரும்பப் படியும். கிளம்பும்போதே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, இறங்கியபின் இருபது முப்பது நிமிடம் கழித்துத் திறங்கள். உப்புக்காற்று படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள். முதலில் ப்ளோயரால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்டுத் துடையுங்கள்.

மூன்று வரிசையாக நிற்கும் குடும்பத்தை 85 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 வைத்து, அதாவது லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து எடுப்பது இன்னொரு தவறு. ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எடுத்தால், தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய 13 சென்டிமீட்டர்தான். முன்வரிசையில் தாத்தா தெளிவாக இருப்பார், பின்வரிசையில் மருமகள் மங்கிப்போவார். ஐந்து மீட்டர் தள்ளிப்போய், துளையைச் சுருக்கி எஃப் 5.6 வையுங்கள், ஒரு மீட்டருக்கு மேல் கிடைக்கும். குழந்தைகள் இருந்தால் ஷட்டர் 1/250 நொடியைவிட மெதுவாகப் போக வேண்டாம். இடம் போதவில்லை என்று 24 மி.மீ. அகலக்கோண லென்ஸ் மாட்டினால், ஓரத்தில் நிற்பவரின் உடம்பும் தலையும் இழுபட்டு அகலமாகத் தெரியும். பெரும்பாலும் அந்த ஓரத்தில் நிற்பவர், படமே வேண்டாம் என்று கூச்சப்பட்டவராகத்தான் இருப்பார்.

வெள்ளை வேட்டி சட்டையோடு நான்கு பேர் நின்றால் கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். மாநிற முகங்கள் கறுத்துப்போகும். அதைச் சரிசெய்கிறோம் என்று எடிட்டில் முகத்துக்கு மட்டும் வெளுப்பு ஏற்றுவதுதான் நம் ஊர் ஸ்டூடியோக்களில் அதிகம் நடக்கும் பிழை. எடுக்கும்போதே ஒரு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள், அல்லது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள். பட்டுச் சேலையின் சரிகை மட்டும் வெளிச்சம் கூடி வெளிறிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய தோலின் நிறத்தை அவர் கேட்காமல் மாற்ற நமக்கு உரிமை கிடையாது. மச்சம், தழும்பு, வழுக்கை விஷயத்திலும் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

போஸ் திருத்துவதற்குத் தொடாதீர்கள். "அம்மா, கொஞ்சம் வலது பக்கம் திரும்புங்க" என்று சொல்லி, நீங்களே திரும்பிக் காட்டினால் போதும். அறுபதாம் கல்யாணம், சதாபிஷேகம் என்று வரும் பெரியவர்களை மணலில் உட்காரவைக்க வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி ஒன்றைக் கூடவே கொண்டுபோங்கள். தம்பதியாக எடுத்து முடித்ததும் அதே ஓட்டத்தில் ஒவ்வொருவரையும் தனியாக, தோளுக்கு மேல், வெற்றுப் பின்னணியில், நேர்ப்பார்வையில் ஒன்று எடுத்துவிடுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டாம், வீட்டாருக்கே தெரியும். அந்தப் படம் வேறு எங்கும் போகாமல் குடும்பத்தின் கையில் மட்டும் இருக்கட்டும்.

இனி அந்தரங்கம். இதில் நடக்கும் தவறுகளில் பாதி, ஃப்ரேமின் ஓரத்தைப் பார்க்காததால் வருபவை. பிளஸ் டூ முடித்த பெண்ணை வீட்டு வாசலில், கோலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கேட்டில் கதவு எண், சுவரில் அப்பாவின் பெயர்ப்பலகை, ஓரத்தில் ஸ்கூட்டர் நம்பர், சட்டையில் பள்ளி பேட்ஜ். அந்தப் பெண் யார், எங்கே இருக்கிறாள், எங்கே படித்தாள் என்பது ஒரே படத்தில் வெளியே போகிறது. ஷட்டரை அழுத்துமுன் நான்கு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பேட்ஜையும் அடையாள அட்டையையும் கழற்றச் சொல்லுங்கள், வண்டியை நகர்த்துங்கள்.

உதவியாளர் மொபைலில் எடுக்கும் படங்களில், எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் தகவல் ஒளிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது நீங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினாலோ, டிரைவில் ஒரிஜினலாக ஏற்றினாலோ அப்படியே போகும். மொபைல் கேமராவின் லொக்கேஷனை அணைத்துவிடுங்கள். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் எக்ஸ்போர்ட் செய்யும்போதும் இடத் தகவலை நீக்குவதற்கான டிக்கைப் போடுங்கள். ஷூட் நடக்கும்போதே ஸ்டோரி போட்டால், குடும்பம் மொத்தமும் வெளியே இருக்கிறது, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே சொன்ன மாதிரி.

கடற்கரைக் காற்றில் முந்தானை விலகும், தாவணி பறக்கும். இப்படி விழுந்த ஃப்ரேம்களைத் தேர்வுப் பட்டியல் அனுப்புமுன் நீங்களே உட்கார்ந்து அழிக்க வேண்டும். எடிட்டருக்கோ ஆல்பம் லேபுக்கோ போவதற்கு முன்பே இது முடிந்திருக்க வேண்டும். உடை மாற்ற காரின் பின்சீட்டைக் காட்டாதீர்கள். நான்கு பக்கமும் மூடும் மடக்குக் கூடாரம் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"நான் எடுத்த படம், என் இன்ஸ்டாவில் போடுவேன்" என்பது சட்டப்படியே தவறு. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க ஒப்பந்தப் படிவங்களை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதால் வரும் குழப்பம் இது. நம் நாட்டின் 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, அவரே முதல் உரிமையாளர். அதனால் எழுத்தில் வாங்குங்கள். தமிழில், ஒரே பக்கத்தில், தனித்தனிக் கட்டங்களாக: ஸ்டூடியோ ஆல்பத்தில் காட்டலாம், இன்ஸ்டாகிராமில் போடலாம், விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம், எதற்கும் வேண்டாம். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டவருக்கும் அதே கட்டணம்தான். போட விட்டால் தள்ளுபடி என்று சொன்னால் அது சம்மதம் ஆகாது.

பணம் கட்டும் பெரியவர் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்குவதும் போதாது. படத்தில் இருக்கும் ஒவ்வொரு பெரியவரையும், முக்கியமாக மருமகள்களை, தனியாகக் கேளுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தையாகத்தான் பார்க்கிறது. பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. பதினேழு வயதுப் பிள்ளை வேண்டாம் என்றால், பெற்றோர் சரி என்றாலும் போடாதீர்கள்.

பின்னணிக்கு அழகாக இருக்கிறது என்று வலை பின்னும் மீனவரையும், படகோரம் உட்கார்ந்திருக்கும் ஜோடியையும் கேட்காமல் சேர்ப்பதும் இதே தவறுதான். மாமல்லபுரத்தில் தொல்லியல் துறை வளாகத்துக்குள் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி வேண்டும் என்பதையும் முன்பே கவனியுங்கள்.

ஒப்படைக்கும் நேரத்தில்தான் கவனம் தளரும். "லிங்க் இருப்பவர்கள் எல்லோரும் பார்க்கலாம்" என்ற டிரைவ் லிங்க் சித்தப்பா குரூப்பில் விழுந்தால் திரும்பப் பிடிக்க முடியாது. மின்னஞ்சல் முகவரி கொடுத்தவர்களுக்கு மட்டும் திறக்கும்படி வையுங்கள். முகத்தை அழகாக்கும் இலவச ஆப்களில் கிளையன்ட் படத்தை ஏற்றாதீர்கள். லேபுக்குக் கொடுத்த பென்டிரைவைத் திரும்ப வாங்கி ஃபார்மட் செய்யுங்கள். எத்தனை நாள் படங்களை வைத்திருப்பீர்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், 90 நாள் என்றால் 90 நாள். அதற்கு ஒரு வாரம் முன்பு, "ஐயா, உங்க படங்களை அடுத்த வாரம் எங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிக்கிறோம். பேக்கப் எடுத்துட்டீங்களா?" என்று போன் செய்து கேட்டுவிட்டு, அவர் எடுத்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அழியுங்கள்.