மத்திய வங்கிக் காப்பறையில் கூட்டுப் பொறுப்பை நடைமுறைப்படுத்தும் முறை

மத்திய வங்கியின் காப்பறையில் உள்ள தங்கக் கட்டிகளும், அச்சாகி இன்னும் வெளியிடப்படாத பணத்தாள்களும் எந்தத் தனி ஒருவரின் பொறுப்பிலும் சிறிது நேரம்கூட இருக்கக் கூடாது என்பதே கூட்டுப் பொறுப்பின் அடிப்படை. கதவில் இரண்டு பூட்டுகளைப் பொருத்துவது எளிது. அவற்றைத் திறக்கும் வழிகள் ஒரே கையில் சேராமல் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

முதலில் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் மற்றவருக்கு நேரடி மேலதிகாரியாக இருக்கக் கூடாது. தம் அதிகாரி சாவியைக் கேட்கும்போது மறுக்கும் துணிவை எல்லோரிடமும் எதிர்பார்க்க முடியாது. இயன்றால் தணிக்கைப் பிரிவிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில், தெருமட்டத்துக்குச் சுமார் 24 மீட்டர் கீழே அமைந்த தங்கக் காப்பறையின் ஒவ்வொரு தங்க அறையும் ஒரு தொங்குபூட்டு, இரண்டு எண்பூட்டுகள், தணிக்கையாளரின் முத்திரை ஆகியவற்றால் காக்கப்படுகிறது. உள் தணிக்கையாளர் ஒருவரை உள்ளடக்கிய மூவர் குழு, அறைக்குள் மின்விளக்கை மாற்றும்போதுகூட முழுமையாக உடனிருக்கிறது.

இந்த உடனிருப்பில்தான் பல இடங்களில் தளர்வு நுழைகிறது. இருவரும் சேர்ந்து திறந்த பிறகு ஒருவர் தொலைபேசிக்காக வெளியேறினாலும் கூட்டுப் பொறுப்பு அந்த நொடியே முறிந்துவிடுகிறது. அவர் போக நேர்ந்தால் காப்பறையை மூடிவிட்டு இருவரும் வெளியே வர வேண்டும். திறந்த நேரம், நோக்கம், மூடிய நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டில் அப்போதே எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

இருப்பைப் பதியும்போது கட்டிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. லண்டன் சந்தைத் தரத்திலான ஒரு கட்டி ஏறத்தாழ 400 டிராய் அவுன்ஸ், அதாவது 12.5 கிலோ எடை கொண்டது. ஆனால் 350 முதல் 430 அவுன்ஸ் வரை அனுமதி உண்டு என்பதால், எண்ணிக்கை மாறாமலேயே கனமான கட்டியின் இடத்தில் இலேசான கட்டி வந்துவிட முடியும். எனவே வரிசை எண், சுத்திகரிப்பாளர் முத்திரை, தூய்மை, எடை ஆகியவற்றைக் கட்டிவாரியாக எழுதுங்கள்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது பொறுப்பு மாறும் நாளில். விடுப்பில் செல்பவர் தம் சாவியை மற்றப் பொறுப்பாளரிடம் கொடுத்துச் செல்வது, எவ்வளவு நல்ல நம்பிக்கையில் நடந்தாலும், ஏற்கத்தக்கதன்று; முன்கூட்டியே எழுத்தில் நியமிக்கப்பட்ட மூன்றாம் அதிகாரியிடமே அதை ஒப்படைக்க வேண்டும். எண்பூட்டின் எண்ணை அறிந்தவர் மாற்றலாகும்போது அந்த எண்ணையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் சாவியைத் திரும்பப் பெறலாம், நினைவைப் பெற முடியாது. மாற்றுச் சாவிகளை முத்திரையிட்ட தனித்தனி உறைகளில், வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இரண்டையும் ஒரே பெட்டகத்தில் வைத்தால், அதைத் திறப்பவர் தனியாளாகவே காப்பறையையும் திறந்துவிடுவார்.

நேரப்பூட்டையும் தவிர்க்காதீர்கள். ஜேம்ஸ் சார்ஜென்ட் 1873-இல் உருவாக்கிய இந்த வகைப் பூட்டு, குறித்த நேரத்துக்கு முன் சரியான எண்ணுக்கும் திறக்காது; ஆகவே பொறுப்பாளர்களை வீட்டில் மிரட்டி எண்ணைப் பெற்றாலும் பயனில்லை. அது பொருளோடு மனிதர்களையும் காக்கிறது.

சரிபார்ப்பைச் சாவி வைத்திராத அதிகாரிகள், நாள் அறிவிக்காமல் நடத்த வேண்டும். முத்திரை உடைந்திருப்பதையோ எண் பொருந்தாததையோ கண்டால் எதையும் நகர்த்தாமல், புதிய முத்திரையிட்டு மூடி, பழைய முத்திரையின் துண்டுகளைப் பத்திரப்படுத்தி, பொறுப்பாளர்கள் இருவரும் கையொப்பமிட்ட அறிக்கையை அன்றே தணிக்கைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.