பழைய ரேடியோ வால்வைக் கொண்டு வெப்ப அயனி உமிழ்வைக் காண்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் விரைவாகக் கடந்துபோகும் வெப்ப அயனி உமிழ்வை, அதாவது சூடான பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுவதை, வீட்டு மின்சாரத்தைத் தொடாமலேயே மேசைமேல் வைத்துக் காணலாம். அதற்கு ஈ.இசட்.80 என்னும் வால்வு (காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய்) ஒன்று, எமர்ஜென்சி விளக்கில் இருக்கும் 6 வோல்ட் பேட்டரி, 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம் மின்தடை, டிஜிட்டல் மல்டிமீட்டர் ஆகியவை போதும்.

வால்வைச் சென்னை சென்ட்ரலை அடுத்த மூர் மார்க்கெட்டின் பழம்பொருள் கடைகளில் தேடிப் பார்க்கலாம். வாங்குமுன் கண்ணாடியின் உட்புறத்தில் படிந்துள்ள வெள்ளி நிறப் பூச்சைக் கவனியுங்கள்: அது கண்ணாடிபோல் மின்னினால் வெற்றிடம் கெடவில்லை, பால்போல் வெளுத்திருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். ராயபுரம், காசிமேடு பக்கத்து வீடுகளின் பரணில் கிடந்த வால்வானால், உப்புக்காற்றில் கால்கள் கறுத்திருக்கும். உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தாலே சரியாகிவிடும். ரேடியோவிலிருந்து நீங்களே கழற்றுவதானால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

வால்வைத் தலைகீழாகப் பிடித்து, கால்களுக்கிடையே உள்ள அகன்ற இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுங்கள். 4, 5 ஆகியவை சூடேற்றும் இழைக்குரியவை; 3 எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடு; 1, 7 அவற்றைப் பெறும் ஆனோடுகள். 6 வோல்ட் பேட்டரியை 4, 5-இல் இணைத்தால், அரை நிமிடத்திற்குள் நடுவிலுள்ள மெல்லிய குழல் மங்கிய செந்நிறத்தில் ஒளிரும்.

இப்போது 9 வோல்ட் பேட்டரியை ஒதுக்கி வைத்துவிட்டு, மீட்டரை மைக்ரோ ஆம்பியர் அளவில் வைத்து 1-க்கும் 3-க்கும் இடையே இணையுங்கள். ஆனோடுக்கு எந்தப் பேட்டரியும் இல்லாதபோதும் மீட்டர் மின்னோட்டம் காட்டும். என் கணிப்பில் முழுச் சோதனையின் உயிர் இந்த இடம்தான், ஏனெனில் எலக்ட்ரான்களை இங்கே எந்த மின்னழுத்தமும் இழுக்கவில்லை. பரப்பைவிட்டு வெளியேறத் தேவையான குறைந்தபட்ச ஆற்றலான வெளியேற்று ஆற்றலைவிடக் கூடுதல் ஆற்றல் பெற்றவை வெப்பத்தாலேயே கேத்தோடை விட்டுக் கிளம்பி, எஞ்சிய வேகத்தில் ஆனோடை எட்டுகின்றன. டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதைக் கண் கூசும் அளவுக்குச் சூடாக்க வேண்டும். இங்கே கேத்தோடில் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்சைடுகள் பூசப்பட்டிருப்பதால் செஞ்சூடே போதுமானது.

அடுத்து, இழைக்கு மூன்று டார்ச் செல்களைத் தொடராக இணைத்து 4.5 வோல்ட் மட்டும் கொடுத்துப் பாருங்கள். சூடு சற்றே குறைந்தாலும் மின்னோட்டம் வெகுவாகச் சரியும். வெப்பநிலையோடு உமிழ்வு அடுக்குக்குறி வேகத்தில் மாறுகிறது என்று 1901-இல் காட்டிய ஓவன் ரிச்சர்ட்சனுக்கு, இத்துறை ஆய்வுக்காகவே 1928-ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

மீண்டும் 6 வோல்ட்டுக்குத் திரும்பி, 9 வோல்ட் பேட்டரி, மின்தடை, 20 மில்லி ஆம்பியர் அளவில் வைத்த மீட்டர் ஆகியவற்றைத் தொடராக்கி, நேர்முனையை ஆனோடு பக்கமும் எதிர்முனையைக் கேத்தோடு பக்கமும் இணைத்தால் மில்லி ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் பாயும். முனைகளை மாற்றினால் நின்றுபோகும். 1904-இல் ஃபிளெமிங் டயோடு வால்வை உருவாக்கியது இந்த ஒருவழிப் போக்கை நம்பித்தான். முனைகளைப் பழையபடி இணைத்து, இழையின் பேட்டரியை மட்டும் கழற்றுங்கள். 9 வோல்ட் அப்படியே இருக்க, மின்னோட்டம் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, கேத்தோடு ஆற ஆற இறங்கிச் சுழியத்தை அடையும்.