எம்87 தாரையைக் கணினியில் வளர்ப்பது எப்படி

1918இல் லிக் வானாய்வகத்தில் வானியலாளர் ஹீபர் கர்டிஸ், எம்87 கேலக்ஸியின் மையத்திலிருந்து நேர்க்கோடாக ஒரு கதிர் கிளம்புவதைக் குறித்து வைத்தார். சில ஆயிரம் ஒளியாண்டு நீளத்துக்குப் போகும் பிளாஸ்மா (மின்னேற்றம் கொண்ட வாயு) தாரை அது. அதன் அடியில் 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை இருக்கிறது. அந்தத் தாரையின் அடிப்பகுதியைக் கணினியில் வளர்ப்பதுதான் என் அன்றாட வேலை. முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

எடுத்தவுடன் நிரலைத் திறக்காதீர்கள். ஒரு தாளில் அலகுகளைப் போடுங்கள். நியூட்டன் மாறிலி, கருந்துளையின் நிறை இரண்டையும் பெருக்கி, ஒளிவேகத்தின் மும்மடிப் பெருக்கத்தால் வகுத்தால் ஒரு காலம் கிடைக்கும். அதுதான் நம் கால அலகு; அந்த நேரத்தில் ஒளி போகும் தூரம் நீள அலகு. எம்87க்கு அது கிட்டத்தட்ட 9 மணி நேரம். நம் பால்வெளியின் நடுவில் இருக்கும் கருந்துளைக்கோ 20 விநாடி சொச்சம். பொதுவாக 10,000 அலகு ஓட்டுவோம். எம்87இல் அது பத்து வருடக் கதை. இந்தக் கணக்கு மனதில் நின்றால்தான் திரையில் ஓடும் எண்களுக்கு அர்த்தம் இருக்கும்.

அடுத்தது ஆயத்தொலைவுகள். கெர்-ஷில்ட் வகையையே எடுங்கள். அது நிகழ்வெல்லையை, அதாவது ஒளிகூடத் திரும்பிவர முடியாத எல்லையைத் தாண்டி உள்ளேயும் ஒழுங்காக இருக்கும். கட்டத்தின் உள் ஓரத்தை எல்லைக்கு உள்ளே நாலைந்து அறைகள் (கட்டத்தின் சிறு பெட்டிகள்) தள்ளி வையுங்கள். அப்போது ஓரத்தில் நடக்கும் பிழை எதுவும் வெளியே வராது.

ஆரம்ப நிலைக்கு, உளுந்து வடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள ஒரு வாயு வளையம் போதும். ஃபிஷ்போன், மான்க்ரிஃப் இருவரும் 1976இல் கொடுத்த சமன்பாட்டை பெரும்பாலான நிரல்கள் வைத்திருக்கின்றன. அதற்குள் வலுக்குறைந்த காந்தப்புல வளையம் ஒன்றைப் போட்டு, வாயுவின் வெப்ப ஆற்றலைச் சில சதவீதம் அங்கங்கே கலைத்துவிடுங்கள். இந்த வாயு வளையத்தை வட்டு என்போம். வட்டின் உள்பக்கம் வேகமாகவும் வெளிப்பக்கம் மெதுவாகவும் சுற்றுவதால் புலக்கோடுகள் இழுபட்டுக் கொந்தளிப்பு கிளம்பும். அதற்கப்புறம் வாயு தானாகவே உள்ளே விழும். அந்தக் கொந்தளிப்பின் அலைநீளத்துக்குள் குறைந்தது 10 அறைகளாவது இருக்க வேண்டும். இருபரிமாணத்தில் ஓட்டிப் பழகலாம், ஆனால் அதில் கொந்தளிப்பு கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முடிவு எழுதுவதென்றால் முப்பரிமாணம்தான்.

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருகிறேன். பிளாண்ட்ஃபோர்டும் ஸ்னாயெக்கும் 1977இல் காட்டியபடி, தாரையின் ஆற்றல் கருந்துளையின் சுழற்சியிலிருந்து வருகிறது. சுழலும் துளை தன்னைத் துளைத்துப் போகும் புலக்கோடுகளை முறுக்குகிறது. அந்த முறுக்கு ஆற்றலை வெளியே கொண்டுபோகிறது. தாரையின் திறன் காந்தப்பாயத்தின் (துளையைத் துளைத்துப் போகும் புலத்தின் மொத்த அளவின்) இருமடிக்கும் சுழற்சி வேகத்தின் இருமடிக்கும் ஏற்பக் கூடும். பாயத்தை இரட்டித்தால் திறன் நான்கு மடங்கு. ஆகவே ஆரம்ப வளையத்தில் எவ்வளவு பாயம் வைத்தீர்கள் என்பதே மற்றதைத் தீர்மானிக்கும். சின்ன வளையத்தில் பாயம் சீக்கிரம் தீர்ந்துபோகும். பெரிய வளையமாக வைத்தால் துளையின் வாசலில் பாயம் குவிந்து, இனி உள்ளே இடமில்லை என்று விழும் வாயுவையே தடுத்து நிறுத்தும். 2011இல் செக்கோவ்ஸ்காயும் கூட்டாளிகளும் இந்த நிலையில், துளை மிக வேகமாகச் சுழலும்போது, உள்ளே விழும் நிறையாற்றலைவிட அதிகமான ஆற்றல், சுமார் 140 சதவீதம், வெளிவருவதைக் காட்டினார்கள். மிச்சம் துளையின் சுழற்சியிலிருந்து வருகிறது. முதன்முதலில் அந்த எண்ணை என் திரையிலும் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விழும் வாயுவின் அளவோடு ஒப்பிட்டுப் பாயத்தைச் சொல்லும் எண் ஒன்று உண்டு. அது காஸ் அலகில் 50 அருகே வந்தால் துளை நிரம்பிவிட்டது என்று பொருள். என் முதல் பெரிய ஓட்டத்தில் அது 15ஐத் தாண்டவே இல்லை. பாயம் போதவில்லை என்று நினைத்து வளையத்தைப் பெரிதாக்கி மறுபடி ஓட்டினேன், மூன்று வாரம் போனது. மறுபடியும் 15! கடைசியில் நோட்டைப் புரட்டும்போதுதான் பிடிபட்டது: நிரல் தன் காந்தப்புல அலகுக்குள் 4π-யின் வர்க்கமூலத்தை, அதாவது 3.54ஐ, விழுங்கி வைத்திருந்தது. 15ஐ 3.54ஆல் பெருக்கினால் 53. துளை முதல் ஓட்டத்திலேயே நிரம்பியிருந்தது. இன்றும் என் வரைபடம் ஒவ்வொன்றின் அச்சிலும் அலகை எழுதாமல் சேமிப்பதில்லை.

அப்புறம் ஃப்ளோர், அதாவது அடர்த்தி இதற்குக் கீழே போகக்கூடாது என்று நிரலில் வைக்கும் வரம்பு. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சுழல் அச்சை ஒட்டிய புனலுக்குள் வாயு நிற்காது. ஒன்று துளைக்குள் விழும், இல்லை வெளியே எறியப்படும். வட்டின் வாயு புலக்கோட்டைக் குறுக்கே கடந்து வரவும் முடியாது. அந்த வெற்றிடத்தை நிரலால் கையாள முடியாது. காந்த ஆற்றல், வாயுவின் நிறையாற்றலைவிட மிக அதிகமானால் வெப்ப ஆற்றல் எதிர்மறையாகி ஓட்டமே நின்றுவிடும். அதனால் இந்த இரண்டின் விகிதம் 50 அல்லது 100ஐத் தாண்டும் இடத்தில் நிரல் கொஞ்சம் பொருளைத் தூவுகிறது. ஆக, புனலுக்குள் தெரியும் அடர்த்தி நீங்கள் தூவியதுதான். தாரை அதிகபட்சம் எவ்வளவு வேகம் எட்டும் என்பதும் அந்த விகிதத்தைப் பொறுத்தது. “என் தாரை இவ்வளவு வேகம் போகிறது” என்று சொல்லுமுன் அந்த வரம்பை மாற்றி இன்னொரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். வேகம் கூடவே மாறினால் அது உங்கள் எண், எம்87இன் எண் ஆகாது. விழும் வாயுவின் அளவையும் நிகழ்வெல்லையில் எடுக்காமல், மையத்திலிருந்து ஐந்து நீள அலகு தூரத்தில் எடுங்கள். தூவியது கணக்கில் அவ்வளவாகக் கலக்காது.

ஒப்பிட எம்87 நிறையவே தருகிறது. ஹப்பிள் தொலைநோக்கி தாரையின் முடிச்சுகள் ஒளியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் நகர்வதுபோலத் தோன்றுவதை அளந்தது. தாரை நம் பார்வைக்கோட்டுக்குச் சுமார் 17 பாகையில் சாய்ந்திருப்பதால் வரும் தோற்றம் அது. அடிப்பகுதி பரவளையமாக விரிந்து, வெகு தூரத்தில்தான் கூம்பாகிறது. உங்கள் தாரையின் அகலத்தைத் தூரத்தோடு வரைந்து, அந்த வளைவு வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

ஈவன்ட் ஹொரைசன் தொலைநோக்கி எடுத்து 2019 ஏப்ரலில் வெளியான, எம்87 கருந்துளையின் வளையப் படத்தோடு ஒப்பிடுவதென்றால் ஒளிக்கதிர்களைத் துளையைச் சுற்றி வளைத்துப் படமாக்க வேண்டும். அப்போது காந்த ஆற்றல், வாயுவின் நிறையாற்றலை மிஞ்சும் பகுதியின் ஒளியை நீக்கிவிடுங்கள். அங்கே இருப்பது நீங்கள் தூவிய பொருள். எலக்ட்ரான்களின் வெப்பநிலையை நிரல் தருவதில்லை, நாம்தான் ஊகிக்கிறோம். வட்டில் குளிர்ந்த எலக்ட்ரான், தாரையில் சூடான எலக்ட்ரான் என்று விகிதத்தை மாற்றி மாற்றிக் குறைந்தது நாலு படமாவது எடுங்கள். ஒவ்வொன்றையும் தொலைநோக்கியின் கூர்மையான 20 மைக்ரோ ஆர்க்விநாடி (மிகச் சிறிய கோண அளவு) அளவுக்கு மங்கலாக்கிய பிறகே அசல் படத்தின் பக்கத்தில் வையுங்கள்.