52 கையெழுத்து, 11 முன்பணம்: தெருவுக்கு ஃபைபர் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியில் நான்குவழிச்சாலைக்கு அந்தப் பக்கம், கே.டி.சி. நகரையும் தாண்டி முளைத்த காலனி எங்களுடையது. மெயின் ரோடு வரை ஃபைபர் இன்டர்நெட் வந்துவிட்டது, உள்ளே வரவில்லை. சங்கத்தில் பேசி ஒரு மனு எழுதினோம். 52 வீட்டில் கையெழுத்து. "நம்ம தெருவுக்கு வந்தா நானும் போட்டுக்கிடுதேன் அண்ணாச்சி" என்று சொல்லாத ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். முன்பணம் கட்டுகிறவர்கள் யார் யார் என்று கேட்டார். 11 பேர். பைக்கை எடுத்துக்கொண்டு போனவர்தான், ஆறு மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

தப்பு எங்கள் பேரில்தான். கையெழுத்து வேறு, கனெக்‌ஷன் வேறு. ஒற்றைக் கண்ணாடி இழை தெருமுனை வரை வரும். அங்கே ஸ்ப்ளிட்டர் என்ற சின்னச் சாமான் அதன் வெளிச்சத்தை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரித்துக் கொடுக்கும். மெயின் ரோட்டிலிருந்து அந்த முனை வரை கேபிள் இழுக்கிற செலவு ஒரு வீட்டுக்கானாலும் முப்பது வீட்டுக்கானாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கம்பெனிக்காரர் கணக்குப் பார்ப்பது முதல் மாதமே பணம் கட்டப்போகும் வீடுகளைத்தான். மனுவில் நாம் கொட்டிய கோபம் அந்தக் கணக்கில் வராது.

இரண்டாம் முறை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். கதவு எண், போன் நம்பர், இப்போது என்ன கனெக்‌ஷன், அதற்கு எதுவரை பணம் கட்டியிருக்கிறது. இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொங்கல் வரை வருடச் சந்தா கட்டியவர் ஆடியில் மாற மாட்டார். துபாயில் இருந்துகொண்டு ஆனித் தேரோட்டத்துக்கு மட்டும் வந்து வீட்டைத் திறக்கிறவர் கையெழுத்து போடுவார், மாதாமாதம் பணம் கட்ட மாட்டார். இவர்களையெல்லாம் கழித்த பிறகு 27 வீடு நின்றது. அந்த 27-ஐ வைத்துத்தான் காரியம் நடந்தது.

அப்புறம், ஒரே கம்பெனியை நம்பி உட்காராதீர்கள். மூன்று இடத்தில் ஒரே கேள்விகளைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நம் பக்கத்தில் பல இடங்களில் வீட்டுக்கு வரும் கடைசிக் கேபிளைப் பார்த்துக்கொள்வது உள்ளூர் கேபிள் டி.வி. ஆள்தான். விளம்பரத்தில் இருக்கும் பெயர் எதுவானாலும், ராத்திரி எட்டு மணிக்கு லைன் போனால் ஏணியோடு வரவேண்டியவர் அவர். லைன் போனால் எத்தனை நாளில் வருவீர்கள் என்பதை அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊராட்சிகளை ஃபைபரால் இணைக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தைத் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்துடையது. ஊராட்சி அலுவலகத்தில் பெட்டி வந்துவிட்டதே என்று வீட்டு மோடத்துக்கு ஆர்டர் போட்டுவிடக் கூடாது. அலுவலகம் வரை வருவது ஒரு வேலை. அங்கிருந்து தெருவுக்கு வருவது இன்னொரு வேலை.

வேகத்தைப் பற்றி. பிராட்பேண்ட் என்ற சொல்லே பெரிய உத்தரவாதம் இல்லை. 2013 முதல் 512 கே.பி.பி.எஸ். இருந்தாலே அந்தப் பெயர் செல்லும் என்றிருந்தது. 2023-ல்தான் குறைந்தபட்சம் 2 எம்.பி.பி.எஸ். என்று உயர்த்தினார்கள். 100 எம்.பி.பி.எஸ். என்றால் ஒரு வினாடிக்கு நூறு மெகாபைட் இறங்கும் என்று நினைக்கிறார்கள். அது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட்தான். 499 ரூபாய் பிளான், 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 588 ரூபாய் 82 காசு. இதை முதலிலேயே சொல்லாமல் விட்டதில் எங்கள் தெருவில் ஒரு சின்னச் சண்டையே வந்தது.

ஒரு போர்ட்டில், அதாவது கம்பெனியின் பெட்டியில் ஓர் இழை கிளம்பும் இடத்தில், எத்தனை வீடு என்று கேளுங்கள். ஓர் இழையை ஸ்ப்ளிட்டர் வைத்துப் பல வீட்டுக்குப் பிரிக்கும் முறைகளில் பரவலாக இருப்பது ஜிபான். அதில் ஒரு போர்ட்டுக்குக் கீழிறங்கும் வேகம் ஏறக்குறைய 2.5 ஜி.பி.பி.எஸ்., அதாவது 2,500 எம்.பி.பி.எஸ். அதை 64 வீடும் ஒரே நேரத்தில் முழுசாக இழுத்தால் ஆளுக்கு நாற்பது எம்.பி.பி.எஸ்.கூட வராது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள் என்பதால்தான் வண்டி ஓடுகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு, வைஃபையில் இல்லாமல் லேன் கேபிள் மாட்டிச் சோதித்துப் பாருங்கள். காலை பதினோரு மணிக்கு வரும் வேகம் எல்லாருக்கும்தான் வரும்.

இனி கேபிள் வரும் வழி. இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். "இப்போதைக்கு" என்று சொல்லி முருங்கை மரத்தில் கட்டுவார்கள். முருங்கைக் கிளை எப்படிப்பட்டது என்று தெரியாதவர் இங்கே உண்டா? ஆடிக் காற்றுக்கு அது கேபிளையும் சேர்த்துக்கொண்டு விழும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் என்றால் குரங்குக்கு ஊஞ்சல். மின்கம்பத்தில் கட்ட மின்வாரிய அனுமதி வேண்டும், ரோட்டை வெட்ட மாநகராட்சி அனுமதி வேண்டும், நான்குவழிச்சாலையைக் கடக்க நெடுஞ்சாலைத்துறையிடம் தனியாகப் போகவேண்டும். இதெல்லாம் கம்பெனியின் வேலைதான். ஆனாலும் அனுமதி வாங்கியாச்சா என்று கேட்காமல் விட்டால், ஒரு நாள் காலையில் லைன்மேன் அறுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்த பிறகும், கம்பெனி தெருவில் வைக்கும், கரண்ட் வாங்கும் பெட்டியை முழங்கால் உயரத்தில் மாட்ட விடாதீர்கள். அந்தப் பெட்டிக்கு பேட்டரி உண்டா என்பதும் கேட்கவேண்டியது. மாதாந்திரப் பராமரிப்பு என்று கரண்ட் போகும் நாளில், உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து மோடத்தில் விளக்கு எரிந்தாலும் அங்கே உயிர் இல்லாவிட்டால் நெட் வராது.

வீட்டுக்குள் லைன் போட வந்தவரிடம், இழையில் வரும் வெளிச்சத்தின் பவர் மீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டுப் பார்க்கவேண்டும். டி.பி.எம். என்ற டெசிபெல் கணக்கில் மைனஸாக வரும். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. எங்கள் வீட்டில் மைனஸ் 19 காட்டியது. எதிர்வீட்டில் மைனஸ் 27, லைன் நிற்கும் நிலைக்கு ஏறக்குறைய விளிம்பு. மூன்று டெசிபெல் குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். என்ன என்று தேடிப் பார்த்தால், பீரோவுக்குப் பின்னால் கேபிள் மடங்கி நசுங்கிக் கிடந்தது. பீரோவை ஒரு சாண் நகர்த்தியதும் மைனஸ் 21. நான் அன்றே எங்கள் வீட்டில் காட்டிய மைனஸ் 19-ஐ மோடத்துக்குப் பக்கத்தில் சுவரில் பென்சிலால் எழுதிவைத்தேன். வெளிச்சம் வராமல் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும் நாளில் அதுதான் பேச்சுக்கு ஆதாரம்.

சிலர், ஒரு கனெக்‌ஷன் எடுத்து நாலு வீடு பங்கு போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். வேண்டாம். இணையத்தைக் காசுக்கு மறுவிற்பனை செய்ய உரிமம் வேண்டும். யார் எதைச் செய்தாலும் போலீஸ் முதலில் தேடி வருவது பில்லில் பெயர் இருப்பவரைத்தான். கடைத்தெருவில் பொது வைஃபை நடத்த ஆசை என்றால் 2020 டிசம்பரில் மத்திய அரசு அனுமதித்த பி.எம். வாணி என்ற முறை இருக்கிறது, அந்த வழியில் போகலாம்.

புது லைன் வந்த அன்றே பழையதை ரத்து செய்யாதீர்கள். ஒரு மாதம் இரண்டும் ஓடட்டும். அப்புறம் பழைய மோடத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ரசீது வாங்குங்கள். எங்கள் தெருவில் இரண்டு பேர் வாசலில் வந்த பையனிடம் சும்மா கொடுத்தனுப்பிவிட்டார்கள். டெபாசிட்டுக்கு இன்னும் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.