இதய ஓட்டையைக் குழாய்வழி அடைக்க முடிவானால்

பிள்ளையின் இதயத்தில் ஓட்டை என்றதும் ‘எவ்வளவு பெரிது’ என்றே பெற்றோர் கேட்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டியது ‘எந்த இடத்தில்’ என்பது. மேலறைகளைப் பிரிக்கும் சுவரின் நடுப்பகுதியில், சுற்றிலும் போதிய விளிம்புடன் இருக்கும் ஓட்டைக்குக் குழாய்வழிச் சிகிச்சை பொருந்தும். வால்வுகளை ஒட்டியோ, உடலின் மேற்பகுதி இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் மேற்பெருஞ்சிரை நுழையும் இடத்திலோ இருந்தால் பொதுவாக அறுவை சிகிச்சைதான். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள ஐ.ஜே.என். போன்ற இதய மருத்துவமனைக்குச் செல்லும்போது எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கவரிங் நகை அணிந்தால் பிள்ளைக்குத் தோல் அரிக்குமானால் அதையும் சொல்லுங்கள்; அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். பொருத்தப்படும் கருவி பெரும்பாலும் நிக்கல், டைட்டானியம் கலந்த கம்பி வலை.

தொடை இடுக்கின் சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, எக்கோ படத்தைப் பார்த்தபடி, சுவரின் இருபுறமும் விரியும் இரு தட்டுகளால் ஓட்டையை அடைப்பார்கள். சிறுவர்களுக்கு வழக்கமாக முழு மயக்கம் கொடுப்பதால், எத்தனை மணி முதல் உணவையும் நீரையும் நிறுத்த வேண்டும் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பலர் ஓரிரு நாளில் வீடு திரும்புகின்றனர்.

கவனம் அதிகம் தேவைப்படுவது அதற்குப் பின்வரும் ஏறக்குறைய 6 மாதங்களில்தான். கருவியின்மேல் உடலின் திசு படர்ந்து மூடும்வரை, இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். டிங்கி ஓயாத நம் ஊரில் இது சிறிய விஷயமன்று: டிங்கியில் ஆஸ்பிரின் இரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால், காய்ச்சல் கண்டவுடன், எந்தக் கிளினிக்கானாலும், பிள்ளை அந்த மாத்திரை உண்பதை முதலில் சொல்லிவிட்டு, இதய மருத்துவரையும் உடனே அழைத்துக் கேளுங்கள்; நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். பல் பிடுங்குவதற்கு முன் நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து தேவைப்படும். குணமானால் பத்துமலையில் அலகு குத்துவதாக நேர்ந்துகொள்ளும் குடும்பங்களும் உண்டு. தோலைத் துளைக்கும் எதுவும் கிருமியை இரத்தத்தில் சேர்க்கக்கூடும் என்பதால், இந்த 6 மாதங்களில் அதைத் தவிர்த்துவிடுங்கள். முருகன் காத்திருப்பான். பால்குடம் எடுத்து 272 படி ஏறுவதற்கும் மருத்துவரின் ஒப்புதல் வேண்டும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த மருத்துவச் சந்திப்புவரை காத்திராமல் 999-ஐ அழைத்து, கருவியின் விவர அட்டையையும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.