லயத்து நாயைச் சிறுத்தையிடமிருந்து காப்பது எப்படி

தங்கச்சி மகன் சின்னவனாக இருந்தபோது போனில் சிங்கமும் கழுதைப்புலியும் அடித்துக்கொள்கிற வீடியோவையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள், "பெரியம்மா, நம்ம டைகரும் சிறுத்தையும் சண்டை போட்டா யாரு ஜெயிப்பா?" என்று கேட்டான். டைகர் எங்கள் நாய். பதில் அந்த மாசமே கிடைத்தது. விடியற்காலை தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட எழுந்து கதவைத் திறந்தேன். இஸ்தோப்பு என்கிற முன்திண்ணைத் தூணில் சங்கிலி கட்டினபடியே இருந்தது. நுனியில் கழுத்துப்பட்டி. அதன் கொக்கிகூடக் கழரவில்லை. படியில் இரண்டு சொட்டு ரத்தம். பத்துக் காம்பரா, அதாவது பத்து வீடு, வரிசையாக ஒட்டியிருக்கிற தோட்டத்து லயம், நாய் குரைத்ததை ஒருத்தரும் கேட்கவில்லை.

இலங்கை மலைநாட்டில் போகவந்தலாவைப் பக்கம் 27 வருசம் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். இதுவரை நான்கு நாய் வளர்த்து, இரண்டைச் சிறுத்தைக்குக் கொடுத்திருக்கிறேன். கொடுத்திருக்கிறேன் என்று சொல்வதுதான் சரி. ராத்திரியில் நாயை வெளியில் சங்கிலி போட்டு வைப்பது, தட்டில் சோறு போட்டு வைப்பது மாதிரி. அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடும்.

வரிப்புலி, சிங்கம், கழுதைப்புலி, ஓநாய், செந்நாய் எதுவும் இலங்கைக் காட்டில் கிடையாது. இந்தியாவில் வரிப்புலி சிறுத்தையைக் கொன்றுபோடும், செந்நாய்க் கூட்டம் துரத்தி மரத்தில் ஏற்றும். ஆப்பிரிக்காவில் சிங்கமும் கழுதைப்புலியும் பிடுங்கிக்கொள்ளும் என்று இரையை மரத்துக்கு மேலே தூக்கி வைக்கும். நம் மலைச் சிறுத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் தரையிலேயே இழுத்துப்போய் மறைவில் வைத்துத் தின்னும். அதனால் காணாமல் போன நாயைத் தேடுகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்ப்பதில் பிரயோசனமில்லை. தண்ணீர் ஓடுகிற கானுக்குள், உயரமான மானாப்புல்லுக்குள், கவ்வாத்து வெட்டாமல் காடாகிக் கிடக்கும் தேயிலைக்கு அடியில்தான் கிடக்கும். நன்றாக விடிந்த பிறகு, நாலு பேராகச் சத்தம் போட்டுக்கொண்டு போங்கள். மீதியைத் தின்ன அது பக்கத்திலேயே படுத்திருக்கலாம்.

இங்கே சிறுத்தையோடு மோதக்கூடியது என்று பார்த்தால் நரி, மீன்பிடிப் பூனை, அப்புறம் நம் நாய். இதில் எண்ணிக்கையில் கூடினது நாய்தான். கடுவன் சிறுத்தை சுமார் 55 கிலோ, பெட்டை 30 கிலோ வரும். லயத்து நாய் 15 கிலோ இருந்தால் பெரிய விஷயம். பகலில் ஐந்தாறு நாய் சேர்ந்து குரைத்தால் சிறுத்தை ஒதுங்கிப் போகும், மரம்கூட ஏறும். ராத்திரியில் தனி நாய் என்றால் சண்டை என்ற பேச்சே இல்லை. பதுங்கி வந்து தொண்டையைப் பிடித்தால் சத்தம் எங்கே வரும்?

வந்தது சிறுத்தைதானா என்று முதலில் பாருங்கள். மழை விட்ட காலையில் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைச் சேற்றில் தடம் தெளிவாக விழுந்திருக்கும். நாய், நரி இரண்டுக்கும் நகம் மண்ணில் குத்தியிருக்கும், தடம் நீளவாக்கில் இருக்கும். பூனை இனம் நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் நகக்குறி விழாது, தடம் உருண்டையாகத் தெரியும். உள்ளங்காலின் பின்பக்கம் மூன்று மேடாகப் பிரிந்திருக்கும். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். தடம் தீப்பெட்டியைவிட நன்றாக அகலமென்றால் பெரும்பாலும் சிறுத்தை. தீப்பெட்டிக்குள் அடங்கினால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம். கோழிக்கூட்டை அது பிரித்துப்போட்டதற்கும் சிறுத்தைமேல் பழி போடுகிறோம். சிங்கள ஆட்கள் அதை 'ஹந்துன் திவியா' என்பார்கள். 'திவியா' என்று கேட்டதுமே பாதிப் பேர் சிறுத்தை என்று ஓடிவிடுவார்கள்.

காதையும் பழக்க வேண்டும். சிறுத்தை கத்துவது வாளால் பலகை அறுக்கிற மாதிரி, போய்ப் போய் வரும். நரிகள் சாதாரணமாகக் கூட்டமாய் ஊளையிடும். ஒற்றை நரி ஒரே மாதிரி விட்டுவிட்டு வீறிட்டால் பக்கத்தில் சிறுத்தை நடமாடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் பார்த்துக் குரைக்கிற நாய் திடீரென்று ஊமையாகிக் கட்டிலுக்கு அடியில் புகுந்தால் அதைத் திட்டி வெளியே விரட்டாதீர்கள். எங்கள் கறுப்பியை அப்படி விரட்டினது நான்தான்.

இனிக் கூண்டு. கோழி வலை போதாது, ஒரே இழுப்பில் கிழிந்துவிடும். தடித்த கம்பியைப் பற்றவைத்த வெல்ட் மெஷ் வாங்குங்கள். நாலடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றடி உயரம் ஒரு நாய்க்குப் போதும். எல்லாரும் மறப்பது கூரையை. சிறுத்தை மேலே ஏறும், அதனால் மேலேயும் மெஷ் அடித்து அதன்மேல் தகரம் போட்டு, தகரம் பறக்காமல் கல் வையுங்கள். கூண்டின் இரண்டு பக்கமாவது சுவரோடு ஒட்டி இருக்கட்டும். திறந்த பக்கங்களில் கீழே ஓரடிக்குப் பலகை அடித்துவிட்டால் கம்பி இடுக்கில் காலை விட்டு நாயைக் கீற முடியாது. தாழ்ப்பாளைச் சும்மா கொக்கியில் மாட்டாமல் திருகு போட்டு முறுக்குங்கள். பொழுது சாய்வதற்கு முன் உள்ளே, விடிந்து வெளியே. பல்பு எரியவிட்டால் போதும் என்பார்கள். சிறுத்தை அதற்கும் பழகிவிடும்.

கூண்டு கட்டினாலும் லயத்துக் கோடியில் குப்பைக் குழி திறந்து கிடந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. கோழிக்குடலும் மீன்தலையும் தெருநாயைக் கூட்டும். தெருநாய் சிறுத்தையைக் கூட்டும். மண்ணைப் போட்டு மூடுங்கள், அவ்வளவுதான்.

விறகுக்கும் கொழுந்துக்கும் போகையில் நாயைக் கூட்டிப்போவது காவல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரும் நானும் விறகு கட்டிக்கொண்டு வருகிறோம். எங்கள் நாய் மணி முன்னால் ஓடிச் செடிக்குள் புகுந்தது. இரண்டு குரைப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த நிமிஷம் வாலை இடுக்கிக்கொண்டு எங்கள் காலுக்கு நடுவில் வந்து விழுந்தது. பின்னாலேயே சிறுத்தை. பத்தடி தூரத்தில் எங்களைப் பார்த்ததும் முன்னங்காலை ஊன்றி நின்றது. மீசை மயிர் தெரிகிற தூரம். நாத்தனார் விறகுக்கட்டைக் கீழே போட்ட சத்தத்தில் திரும்பிப் போய்விட்டது. வேட்டைக்காரனை வீட்டுக்காரனிடம் கூட்டி வருகிற காவல் எதற்கு? நாயை வீட்டில் விட்டுப் போங்கள். தேயிலை நிரைக்குள் இறங்கும்போது, கொழுந்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பால் செடியைத் தட்டி, சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். வழி கிடைத்தால் அது தானாக நழுவிவிடும். எதிரே பார்த்துவிட்டால் ஓடாதீர்கள். முகத்தைத் திருப்பாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள்.

நாய்கள் சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிட்டால் ஊரே திரண்டுவிடும், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கும் இவ்வளவு ஆள் வராது. நாயைக் கூப்பிட்டுக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே விடுங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற நம்பருக்குப் போன் அடியுங்கள். ஆளும் நாயும் விலகினால் இருட்டினதும் அது இறங்கிப் போய்விடும். சுற்றி வளைத்துக் கல் எறிந்தால் கீழே நிற்கிறவன்மேல்தான் பாயும். தேயிலைக்குள் குட்டியைக் கண்டாலும் இதே கதைதான்: தொடாமல் வந்துவிடுங்கள், அன்றைக்கு நாய் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. தாய் அங்கேதான் எங்காவது இருக்கும்.

சிறுத்தை தின்ற மீதியில் விஷ மருந்து வைக்கச் சொல்லும் ஆள் ஒவ்வொரு லயத்திலும் ஒருத்தர் இருப்பார். சட்டப்படி குற்றம். நரியும் காகமும் அடுத்த வீட்டு நாயும் செத்தபிறகு அவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும் அப்படித்தான், பன்றியா சிறுத்தையா என்று அதற்குத் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அதில் மாட்டியது. உயிரோடு எடுத்து உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது. கம்பியில் மாட்டின சிறுத்தையைப் பார்த்தால் கிட்டப் போகாதீர்கள். இழுத்த இழுப்பில் கம்பி அறுந்துவிடலாம்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) நாய் ஊசி போட வருகிற நாளைத் தவற விடாதீர்கள். அது விசர் நோய்க்கு (ரேபிஸ்). டிஸ்டெம்பர் என்கிற நாய்த் தொற்றுநோய்க்குத் தனி ஊசி உண்டு, மிருக வைத்தியரிடம் கேட்டுப் போடுங்கள். நாயிடமிருந்து காட்டுக்கும் நோய் போகும். 1994இல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் டிஸ்டெம்பர் பரவி மூன்றில் ஒரு பங்கு சிங்கம் செத்தது.

கடைசியாக, தப்பி வந்த நாய். மணியை ஒரு நாள் கூண்டில் அடைக்க அரை மணி நேரம் பிந்திவிட்டேன். சிறுத்தை பிடித்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரர் தகரத்தை அடித்துக் கத்தினதில் போட்டுவிட்டு ஓடியது. கழுத்தில் நாலு ஓட்டை, ஒவ்வொன்றும் பயற்றங்கொட்டை அளவுதான். மஞ்சள் பூசி விட்டுவிட்டேன், அதுதான் பிழை. சிறுத்தைப் பல் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும், வெளியே தெரியாது. மூன்றாம் நாள் கழுத்து பூசணிக்காய் மாதிரி வீங்கி, வைத்தியர் கீறிவிட்டதும் அரைக் கோப்பை சீழ் வந்தது. அன்றே சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவி, அன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மனிதருக்குக் கீறல் பட்டாலும் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு. மணி அதற்கப்புறம் ஆறு வருசம் இருந்தது. பொழுது சாய்ந்தால் கூப்பிடாமலே கூண்டுக்குள் போய், நான் தாழ்ப்பாள் முறுக்குகிற வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.