விசிட்டிங் கார்டு தீர்ந்துபோன பிறகு

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு 22 வருஷம் மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தேன். முதலில் டாக்டர்களைப் போய்ப் பார்த்து கம்பெனி மருந்தைச் சொல்கிற ரெப், கடைசி 9 வருஷம் ஏரியா மேனேஜர். 48 வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை மெயிலில் வேலை போனது. பணக்கஷ்டம் பிறகுதான் வந்தது. யாராவது "இப்ப எங்க இருக்கீங்க அண்ணாச்சி?" என்று கேட்டால் வாயில் பதில் இல்லாமல் போனதுதான் முதல் அடி. ஞாயிறு ஆராதனைக்குப் பிந்திப் போய், ஆசீர்வாதம் கூறுமுன் நழுவிவிடுவேன். அதிலிருந்து மீள நான் செய்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேலை போயிருக்க வேண்டும் என்றில்லை. ரிடையர் ஆகப்போகிறவருக்கும், பிள்ளையின் மார்க்கைத் தன் மார்க்காகச் சுமக்கிற அம்மாவுக்கும் இதே நோய்தான்.

ஒரு தாள் எடுங்கள். உங்களை இன்னார் என்று காட்டிக்கொள்ள எதையெல்லாம் சொல்வீர்களோ, எழுதுங்கள். என் தாளில் பதவி, எனக்குக் கீழே 6 ரெப்கள், கம்பெனி கார், டார்கெட்டைத் தாண்டியதற்கு வாங்கிய 2 ஷீல்டுகள். இப்போது பைபிளில் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம், 3ஆம் அதிகாரத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். 5, 6 வசனங்கள் பவுலின் பயோடேட்டா: பென்யமீன் கோத்திரம், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன் என்று ஏழு தகுதிகள். எதையும் அவர் பொய் என்று சொல்லவில்லை. கிறிஸ்துவை அறிவதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, லாபத்தில் எழுதியிருந்ததை நஷ்டத்தில் தள்ளுகிறார், அவ்வளவுதான். அதுவும் காவலில் இருந்துகொண்டு. என் தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே "இதை யார் பிடுங்க முடியும்?" என்று எழுதினேன். கார் சாவிக்கு எதிரே எழுத யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் உங்கள் ஞானஸ்நான சர்டிபிகேட்டைத் தேடுங்கள். என்னுடையது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில் கிடந்தது. அன்று எனக்கு 3 மாதம். டார்கெட் என்ன, தலைகூட நிற்காத வயது. குருவானவர் கையில் வாங்கிப் பேர் சொல்லித் தண்ணீர் தெளித்தபோது நான் செய்த ஒரே காரியம் அழுததுதான் என்பாள் அம்மா. இயேசு ஞானஸ்நானம் பெற்ற இடம், மத்தேயு 3:17-ஐயும் அதோடு சேர்த்துப் பாருங்கள். "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்ற சத்தம் வானத்திலிருந்து வந்தபோது இயேசு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை, ஒரு நோயாளியையும் குணமாக்கவில்லை.

என்னை உடைத்தது லூக்கா 15. சொத்தில் தன் பங்கை வாங்கிக்கொண்டு போய் அழித்துவிட்டு, பன்றி மேய்க்கிற நிலைக்கு வந்து அப்பாவிடம் திரும்புகிற இளைய மகனின் கதை. சிறு வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளியில் கேட்டதுதான். ஒருநாள் ரிப்போர்ட் சரிபார்க்கிற மாதிரி வரிவரியாக ஒப்பிட்டேன். பன்றிகளுக்கு நடுவே மகன் தயார் செய்த பேச்சில் கடைசி வரி, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". வீட்டுக்கு வந்து பேசுகிற இடத்தில் அந்த வரி இல்லை. அதற்குள் அப்பா வஸ்திரம் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலிக்கு உழைத்தே பழகிய எனக்கு, அந்த விடுபட்ட வரியில்தான் என் ஜெபம் முழுக்க இருந்தது. வீட்டோடு இருந்த மூத்தவனும் "இத்தனை வருஷகாலமாய்" என்றுதான் கணக்கை ஆரம்பிக்கிறான். இருவரில் நீங்கள் யார் என்று பாருங்கள். நான் இருவரும்தான்.

தினசரிப் பழக்கம் ஒன்று போதும். முன்பு எழுந்ததும் முதல் வேலை, போனில் முந்தின நாள் சேல்ஸ் பார்ப்பது. இப்போது போனைத் தொடுமுன் ஏசாயா 43:1-ஐச் சத்தமாக வாசிக்கிறேன்: "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்." சில நாள் ஒன்றுமே தோன்றாது. வாசித்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு எச்சரிக்கை. ஆபீஸில் போன நாற்காலியைச் சபையில் தேடாதீர்கள். நான் தேடினேன். வேலை போன நாலாம் மாதமே கமிட்டித் தேர்தலுக்கு நின்றேன், தோற்றது நல்லதாயிற்று. விசுவாசம் இருக்கிறது என்று சும்மாவும் இருக்காதீர்கள். கொரிந்துவில் பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். நான் இப்போது ஒரு மருந்து மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறேன், பாதிச் சம்பளத்துக்கு. "எங்க இருக்கீங்க?" என்றால் கடைப் பேரைச் சொல்கிறேன். முதல் சில தடவை குரல் இறங்கியது.

முடிந்தால் உங்கள் சபை அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்துக்கு, முந்தின ராத்திரி வேலைக்குப் போங்கள். சாப்பிட மட்டும் போனால் போதாது, வெங்காயம் உரிக்க உட்காருங்கள். போன வருஷம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு டாக்டர். அவருடைய கிளினிக் வாசலில் பையோடு 2 மணி நேரம் நின்றிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ஒரே வெங்காயச் சாக்கு, கண்ணில் ஒரே தண்ணீர். அவரைவிட நான் வேகமாக உரித்தேன். எத்தனை கூடுதல் என்று எண்ணியும் பார்த்தேன்.